வாங்குவோரை நோக்கிய திரை

கடையின் கல்லா மேசையில், ஒரு முழத்துக்கும் குறைந்த தண்டின்மேல், சிறு திரையொன்று நிற்கிறது. அதன் முகம் விற்பவரை நோக்கியதன்று. பொருள் வாங்க வந்து எதிரே நிற்பவரை நோக்கியது. இரண்டு வரி, வரிக்கு 20 எழுத்து, நீலம் கலந்த பச்சை ஒளி. மின்சாரம் பாய்ந்தவுடன் அது விழிக்கிறது. தன் பதிப்பெண்ணையும் தான் கேட்கும் வேகத்தையும் ஒருமுறை எழுதிக் காட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. விற்பனை மென்பொருளைத் திறந்து ஒரு கிலோ துவரம்பருப்பைப் பதிந்தால், கணினித் திரையில் விலை வருகிறது. அச்சுப்பொறி பற்றுச்சீட்டைத் தள்ளுகிறது. தண்டின்மேல் நிற்கும் திரையில் மட்டும் ஒரு புள்ளியும் ஒளிர்வதில்லை. பிழை நேர்ந்தது என்று எந்தக் கருவியும் சொல்வதுமில்லை.

இந்த அமைதிக்குக் காரணம் உண்டு. தாள் தீர்ந்தால் அச்சுப்பொறி அறிவிக்கும். வலையிணைப்பு அறுந்தால் கணினி உணரும். வாங்குவோர் திரையோ கேட்பதற்கென்றே அமைந்தது. கணினியிலிருந்து அதற்குச் செய்தி செல்லும் கம்பி உண்டு. அதிலிருந்து செய்தி திரும்பும் கம்பி பெரும்பாலும் பயன்படுவதேயில்லை. மறுமுனையில் திரை இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்பதைக்கூட மென்பொருள் அறியாது. அனுப்பியவுடன் வேலை முடிந்தது என்று கொள்ளும். ஆகவே மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் தொடங்கி, ஒன்று மாற்றி ஒன்றாக எல்லாவற்றையும் கலைத்துப் பார்ப்பது பயன் தராது. ஒளியில் தொடங்கி, கம்பி வழியே பின்னோக்கி நடந்து, ஒவ்வொரு படியையும் தனித்தனியே மெய்ப்பித்துக்கொண்டு, இறுதியில் மென்பொருளை அடைய வேண்டும் என்பதே என் துணிபு. இக்கட்டுரையும் அவ்வழியே செல்கிறது.

அதற்குமுன், இத்திரை எதற்காகத் தோன்றியது என்பதை நினைவுகூர வேண்டும். அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்து டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, தம் பணியாளர் கல்லாப் பணத்தில் கைவைப்பதைத் தடுக்க வழி தேடினார். கப்பற்பயணத்தில், உந்துவிசிறியின் சுற்றுகளை எண்ணும் பொறியைக் கண்டபோது அவருக்கு ஒரு கருத்துத் தோன்றியது என்பர். உடன்பிறந்தாரான ஜானுடன் சேர்ந்து 1879-இல் அவர் காப்புரிமை பெற்ற பொறியின் முகப்பில், கடிகாரத்தில் உள்ளதைப் போன்ற வட்டமும் இரண்டு முட்களும் இருந்தன. ஒரு முள் டாலரைக் காட்டியது. மற்றொன்று சென்ட்டைக் காட்டியது. பின்வந்த பொறிகளில், விசையை அழுத்தியவுடன் எண் பொறித்த தகடுகள் மேலெழுந்து கண்ணாடிக்குப் பின்னே நின்றன. 1884-இல் ஜான் பேட்டர்சன் அந்தத் தொழிலை வாங்கி, நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் என்னும் பெயரில் வளர்த்தார். முதலாளி கடையில் இல்லாத வேளையிலும், பதிந்த தொகையை எதிரே நிற்பவர் பார்க்கிறார்; கொடுத்த பணமும் பதிந்த எண்ணும் வேறுபட்டால் அவரே கேட்பார். அந்தக் கண்ணாடியால் வாங்குவோர் ஒரு சான்றாளர் ஆனார். இன்றைய இருவரித் திரை அந்தத் தகடுகளின் நேர்வழித்தோன்றல். அது இருண்டு கிடந்தால், சான்றாளரின் கண்ணைக் கட்டிவிட்டதாகவே பொருள்.

இனி ஒளிக்கு வருவோம். நீர்மப்படிகத் திரைகள் இன்று பெருகிவிட்டபோதிலும், கல்லா மேசையில் நெடுங்காலம் ஆட்சி செய்தது வெற்றிட ஒளிர்திரையே. 1967-இல் சப்பானின் இசே எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் தடாஷி நகாமுரா உருவாக்கிய நுட்பம் அது. காற்று அகற்றப்பட்ட தட்டையான கண்ணாடிக் கலத்துள், மயிரிழையினும் மெல்லிய டங்ஸ்டன் கம்பிகள் முன்பக்கம் நீண்டு கிடக்கின்றன. அவற்றின் மேற்பூச்சு பேரியம் முதலியவற்றின் ஆக்சைடு. ஏறத்தாழ 650 பாகை செல்சியசுக்குச் சூடேறியவுடன் அப்பூச்சு எதிர்மின்னிகளை உமிழ்கிறது. அந்த வெப்பத்தில் கம்பியின் சொந்த ஒளி மிக மங்கல். ஆகவே அதனூடே பார்க்கும் நம் கண்ணுக்கு அது தடையாவதில்லை. கம்பிக்குப் பின்னே நுண்ணிய உலோக வலை. வலைக்குப் பின்னே துத்தநாக ஆக்சைடு பூசிய நேர்மின்முனைகள். வலையும் முனையும் ஒருசேர நேர்மின்னழுத்தம் பெற்றால் மட்டுமே எதிர்மின்னிகள் பாய்ந்து மோதி, அப்புள்ளி ஒளிர்கிறது.

பழைய தொலைக்காட்சிக் குழாய்க்குப் பல்லாயிரம் வோல்ட் வேண்டியிருந்தது. இங்கே சில பத்து வோல்ட் போதும். துத்தநாக ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தவல்லது என்பதால், மெதுவாக வரும் எதிர்மின்னிகூட அதனை ஒளிரச் செய்கிறது. அவ்வொளியின் உச்சம் ஏறக்குறைய 505 நானோமீட்டர். இருளுக்குப் பழகிய மனிதக் கண் மிகக் கூர்மையாக உணரும் 507 நானோமீட்டருக்கு அது மிக அணுக்கமானது. ஓர் எழுத்துக்கு அகலத்தில் 5, உயரத்தில் 7 என 35 புள்ளிகள். 40 எழுத்துக்கு 1400 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் தனிக்கம்பி இழுக்க இயலாதாகையால், எழுத்துகள் முறைவைத்து, ஒன்றன்பின் ஒன்றாக, கண் பிரித்தறிய இயலாத விரைவில் ஒளிர்ந்து அணைகின்றன. ஒளிர்பூச்சு தேயும் தன்மையது. ஆண்டுக்கணக்கில் ஒரே நல்வரவுச் சொல்லைக் காட்டிய திரையைத் துடைத்துவிட்டு வேறு எழுத்துகளை இட்டுப் பாருங்கள். பழைய சொல்லின் நிழல் மங்கலாகத் தெரியும். திரை தன் பதிப்பெண்ணைத் தானே எழுதிக் காட்டிவிட்டால், கண்ணாடிக் கலத்துள் இருக்கும் இந்த உலகம் முழுவதும் நலமாக உள்ளது என்று கொள்ளலாம். முதற்படி மெய்ப்பிக்கப்பட்டது. அது காட்டிய வேகத்தைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கம்பி. அமெரிக்க மின்னணுத் தொழிலகங்களின் கூட்டமைப்பு 1960-இல் பரிந்துரைத்து, 1969-இல் சீர்செய்து வெளியிட்ட ஆர்எஸ்-232 என்னும் நெறிமுறையே இன்றும் இத்திரைகளை ஆள்கிறது. தொலைவச்சுப்பொறியைத் தொலைபேசித் தடத்தோடு இணைக்கப் பிறந்த நெறிமுறை அது. அதில் ஒன்று என்பது -3 முதல் -15 வோல்ட் வரை. சுழி என்பது +3 முதல் +15 வோல்ட் வரை. புதிதாகக் கற்பவரைத் திகைக்கவைக்கும் தலைகீழ் முறை இது. பேச்சு நிகழாத வேளையிலும் கம்பி எதிர்மின்னழுத்தத்தில் நிற்கும். பேச்சு தொடங்கும்போது முதலில் ஒரு சுழி வருகிறது; தூங்கும் திரையின் தோளைத் தட்டும் தொடக்கத் துணுக்கு அது. பின்னர் எழுத்தின் எட்டுத் துணுக்குகள், சிறுமதிப்பு முன்னும் பெருமதிப்பு பின்னுமாக வருகின்றன. கடைசியில் ஒன்று என்னும் நிறுத்தத் துணுக்கு. ஆங்கிலப் பேரெழுத்து ஏ-யின் குறியெண் 65. கம்பியில் அது 0, 1, 0, 0, 0, 0, 0, 1, 0, 1 என்று செல்லும்.

கணினிக்கும் திரைக்கும் இடையே நேரம் காட்டும் தனிக்கம்பி கிடையாது என்பதே இம்முறையின் உயிர்நிலை. அனுப்புவதற்கு ஒரு கடிகாரம், கேட்பதற்கு ஒரு கடிகாரம். இரண்டும் ஒன்றையொன்று காணாமலேயே ஒத்து நடக்க வேண்டும். நொடிக்கு 9600 துணுக்கு என்னும் வேகத்தில் ஒரு துணுக்கின் ஆயுள் 104 மைக்ரோநொடி. கேட்கும் திரை, தொடக்கத் துணுக்கின் விளிம்பைக் கண்டவுடன் எண்ணத் தொடங்கி, ஒவ்வொரு துணுக்கின் நடுப்பகுதியிலும் ஒருமுறை பார்க்கிறது. பத்துத் துணுக்குக்குள் அரைத் துணுக்களவு பிசகினால் எழுத்துப் பாழாகும்; எனவே இரு கடிகாரங்களுக்கும் இடையே நூற்றுக்கு ஐந்து பங்குக்குள்ளான வேறுபாடே பொறுக்கத்தக்கது. பழைய கணினிகளில் நொடிக்கு 18,43,200 முறை அதிரும் படிகம் இதற்கெனவே வைக்கப்பட்டது. அதனை 16-ஆல் வகுத்தால் 1,15,200. அதை மேலும் 12-ஆல் வகுத்தால் மிச்சமின்றி 9600. வேகத்தின் அலகாகிய பாட் என்பது, பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தந்தியாளர் ஒருவரின் பெயர் இன்றும் மளிகைக்கடை மேசையில் வழங்குவது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

அனுப்புவது 9600-இலும் கேட்பது 2400-இலும் இருந்தால், அனுப்பிய ஓர் எழுத்து முழுவதும், கேட்பவரின் இரண்டரைத் துணுக்குக்குள் அடங்கிப் போகும். திரையில் அரைகுறை வடிவங்களும் தொடர்பற்ற குறிகளும் சிதறும். கடைக்காரர் அதைக் கண்டு அஞ்சுவார், அஞ்ச வேண்டியதில்லை. குப்பை விழுந்தால் கம்பி சரியாக உள்ளது, வேகம்தான் பிசகியது என்று பொருள். ஒன்றுமே விழாத இருளைவிடக் குப்பை நல்ல செய்தி.

இருள் நீடித்தால் கம்பியை ஐயுற வேண்டும். கணினியின் ஒன்பது ஊசி இணைப்பாகிய தொடர் வாயிலில் 2-ஆம் ஊசி கேட்பது, 3-ஆம் ஊசி பேசுவது, 5-ஆம் ஊசி பொதுநிலை. கணினியின் 3-ஆம் ஊசி திரையின் காதில் போய்ச் சேர வேண்டும். நேர்க்கம்பி வேண்டிய இடத்தில் குறுக்குக்கம்பியை மாட்டினால் வாயும் வாயும் எதிரெதிரே நிற்கும். காதும் காதும் எதிரெதிரே நிற்கும். இரண்டு கம்பிகளும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. ஐயம் தீர எளிய ஆய்வு உண்டு. திரையைக் கழற்றிவிட்டு, கம்பியின் மறுமுனையில் 2, 3 ஆகிய ஊசிகளைச் சிறு கம்பித்துண்டால் இணைத்து, கணினியில் ஏதேனும் முனைய நிரலைத் திறந்து தட்டச்சிட்டால், தட்டிய எழுத்து திரும்பி வரும். வந்தால் வாயிலும் கம்பியும் நலம். வோல்ட்மானி வைத்திருப்போர் 3-க்கும் 5-க்கும் இடையே அளந்தும் பார்க்கலாம். ஓய்வில் எதிர்மின்னழுத்தம் காட்ட வேண்டும்.

தொடர் வாயில் இல்லாத புதுக்கணினிகளில் யுஎஸ்பி மாற்றி இடையே நிற்கிறது. மாற்றியை வேறு பொருத்தியில் செருகினால் வாயிலின் பெயர் மாறக்கூடும். நேற்று காம்3 என்றிருந்தது இன்று காம்5 ஆகிவிடும். மென்பொருள் பழைய பெயரையே அழைத்துக்கொண்டிருக்கும். நுண்கட்டுப்படுத்திப் பலகைகளுக்கென விற்கும் 5 வோல்ட் மாற்றிகள் இதற்குப் பொருந்தா. அவற்றில் ஓய்வுநிலை நேர்மின்னழுத்தம், ஆகவே ஒவ்வொரு துணுக்கும் தலைகீழாகப் போய்ச் சேரும். லினக்சில் மற்றொரு தடை: உபுண்டு போன்ற பதிப்புகளில் டயல்அவுட் என்னும் குழுவில் சேராத பயனருக்கு வாயில் திறக்காது. தொலைபேசி எண் சுழற்றிப் பிற கணினிகளோடு பேசிய காலத்தின் எச்சம் அப்பெயர்.

வாயிலுக்கு நேராகச் சில எழுத்துகளை அனுப்பி, அவை திரையில் தெளிவாகத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மின்சாரம், கம்பி, வேகம், வாயிலின் பெயர் எல்லாம் சரி. எஞ்சியது மொழி.

எழுத்தைக் காட்டுவதோடு திரையின் கடமை முடிவதில்லை. பழையதை அழிக்க வேண்டும். முதல்வரியின் தலைக்குச் செல்ல வேண்டும். இரண்டாம் வரிக்கு இறங்க வேண்டும். இக்கட்டளைகளும் அதே கம்பியில், எழுத்தோடு எழுத்தாக, 32-க்குக் கீழ்ப்பட்ட குறியெண்களாக வருகின்றன. எப்சன் நிறுவனத்தின் கட்டளைமொழியில் 12 என்றால் திரையைத் துடை. 11 என்றால் தொடக்கத்துக்குப் போ. 27 என்றால், அடுத்து வருவது எழுத்தன்று, கட்டளை என்று அறி. இது பரவலான மொழி. ஆனால் ஒரே மொழியன்று. சிடி5220 என்னும் மொழியில் மேல்வரியை எழுத 27, 81, 65 என்று தொடங்கி, செய்தியை இட்டு, 13 என்று முடிக்க வேண்டும். ஏடெக்ஸ், யூடிசி, டிஎஸ்பி800 எனப் பிற மொழிகளும் உள. பல திரைகள் இவற்றுள் சிலவற்றைக் கற்றிருக்கின்றன. எதைப் பேச வேண்டும் என்பதை அடித்தட்டில் உள்ள நுண்சுவிட்சுகளால் அல்லது உற்பத்தியாளர் தரும் நிரலால் தேர்ந்தெடுக்க வேண்டும். விலையெல்லாம் சரியாக வந்து, வரியின் தலையில் மட்டும் பொருளற்ற ஓரிரு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தால், மொழி வேறுபட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டா.

ஒரு மளிகைக்கடையில் நான் கண்ட பிழை வேறு வகையது. அங்கே கணினிக்கும் திரைக்கும் நடுவே அச்சுப்பொறி இணைந்திருந்தது; ஒரே வாயிலில் இரு கருவிகள். திரை இருண்டு கிடந்தது. ஆனால் ஒவ்வொரு பற்றுச்சீட்டின் நடுவிலும் பருப்பின் பெயரும் விலையும் பொருத்தமின்றி ஒருமுறை கூடுதலாக அச்சாகி வந்தன. திரைக்கு எழுதிய செய்தி தாளுக்குப் போயிருந்தது. இவ்வகை இணைப்பில் 27, 61, 2 என்று அனுப்பினால் திரை காது கொடுக்கும், அச்சுப்பொறி காதை மூடும். 27, 61, 1 என்று அனுப்பினால் அச்சுப்பொறியின் முறை. அந்த மூன்று எண்களை முன்னே சேர்த்தவுடன் திரை ஒளிர்ந்தது. அந்தக் கடைக்காரர் இரண்டு வாரமாகத் திரை பழுது என்றே எண்ணியிருந்தார்.

இப்போதுதான் மென்பொருள். எடுத்துக்காட்டாக ஓப்பன்பிராவோ பிஓஎஸ் என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொள்வோம். ஸ்பெயினில் அத்ரியான் ரொமேரோ டீனா பிஓஎஸ் என்ற பெயரில் ஜாவா மொழியில் எழுதத் தொடங்கியது அது. 2007-இல் ஓப்பன்பிராவோ நிறுவனம் அதனை ஏற்றது. அதன் கிளைகளுள் ஒன்றே யூனிசென்டா. மூல நிரல் திறந்திருப்பதால், அது திரையிடம் என்ன பேசுகிறது என்பதை எவரும் படித்தறியலாம். எப்சன் வகையைத் தேர்ந்தால், முதலில் 27, 64 என்று திரையைத் தொடக்கநிலைக்குக் கொணர்கிறது. 27, 61, 2 என்று அதன் காதைத் திறக்கிறது. எழுத்து அட்டவணையைத் தெரிவு செய்கிறது. 31, 67, 0 என்று மினுக்கும் குறியை மறைக்கிறது. 12, 11 என்று துடைத்துத் தொடக்கத்துக்கு வருகிறது. வாயிலின் வேகம் 9600 என்றே அந்நிரலில் எழுதப்பட்டுள்ளது. திரையை 2400-இல் வைத்துக்கொண்டு அமைப்புப் பக்கத்தில் வேகத்தைத் தேடுபவர் காணமாட்டார். மாற வேண்டியது திரையே.

ஜாவாவுக்குத் தொடர் வாயிலைத் தொடும் ஆற்றல் இயல்பாக இல்லை. ஆர்எக்ஸ்டிஎக்ஸ் என்னும் இடைநிரலகம் அதனைத் தருகிறது. ஜாவா 64 துணுக்கு வகையாகவும் நிரலகம் 32 துணுக்கு வகையாகவும் இருந்தால் இரண்டும் சேரா. பெயர் வழக்கத்துக்கு மாறான வாயில்களை அந்நிரலகம் தானே கண்டுகொள்வதுமில்லை. இன்னொரு நிரல் அதே வாயிலைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் கதவு திறக்காது; சற்றுமுன் நாம் ஆய்வுக்குத் திறந்த முனைய நிரலை மூட மறந்திருந்தால், பிழை நம்முடையதே.

இருபது எழுத்துக்குள் ஒரு பொருளையும் விலையையும் அடக்குவது தனிக்கலை. பெயரை இடப்பக்கமும் தொகையை வலப்பக்கமும் ஒதுக்கி, இடையில் வெற்றிடங்களை எண்ணி நிரப்ப வேண்டும். இங்கே ஒரு கண்ணி உண்டு. 20 எழுத்தையும் நிரப்பியவுடன் திரை தானாகவே அடுத்த வரிக்கு இறங்கிவிடும். அதனை அறியாமல் வரிமாற்றக் குறியையும் சேர்த்து அனுப்பினால், இரண்டாம் வரியில் நின்ற எழுதுமுனை மீண்டும் முதல்வரிக்குத் தாவும். பெயரின்மேல் விலை எழுதப்பட்டுவிடும். கம்பியோ காலத்தை வீணாக்குவதில்லை: 9600-இல் ஓர் எழுத்து ஒரு மில்லிநொடியளவே, முழுத்திரையின் 40 எழுத்தும் 42 மில்லிநொடியில் சென்றடையும். கடைக்காரர் கையை எடுப்பதற்குள் விலை ஒளிர்ந்துவிடும்.

இவ்வளவும் கைகூடிய பின், பருப்பின் பெயரைத் தமிழில் காட்ட முற்படுவோம். திரையின் நினைவகத்தில் உள்ள எழுத்துகள் இலத்தீன், சில ஐரோப்பியக் குறிகள், பலவற்றில் சப்பானியக் கதகானா. தமிழ் இல்லை. ஒருங்குறியில் அகரம் 2949-ஆம் இடத்தில் உள்ளது. யூடிஎஃப்-8 முறையில் அது 224, 174, 133 என்னும் மூன்று எண்களாகிக் கம்பியில் செல்லும். பழைய ஐபிஎம் 437-ஆம் அட்டவணை கொண்ட திரை அதனைக் கிரேக்க ஆல்ஃபாவாகவும், கோண மேற்கோளாகவும், மேற்குறியிட்ட பிரெஞ்சு எழுத்தாகவும் காட்டும். ஓப்பன்பிராவோ வழியே சென்றாலோ, அட்டவணையில் இல்லாத எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். நாமே எழுத்து வடித்து ஏற்றும் வசதி சில திரைகளில் உண்டெனினும், 5-க்கு 7 புள்ளிக்குள் ஞகரமும் ணகரமும் நெளிவு சுளிவோடு அடங்கா. தமிழ் வேண்டுவோர் எழுத்துத் திரையை விட்டு, புள்ளிப்படம் வரையும் திரையை அல்லது கணினியின் இரண்டாம் திரையை நாட வேண்டும். அங்கே எழுத்துருவைக் கணினியே வரைகிறது. ஓப்பன்பிராவோவின் அமைப்பில் தொடர் வாயிலுக்கு மாற்றாகத் தனிச்சாளரத்தைத் தேர்ந்தால் இது கைகூடும். தமிழர் பொருள் வாங்கும் கடையில் விலையோடு பெயரும் தமிழில் ஒளிர வேண்டும் என்று விரும்புகிறேன். திரை செய்வோர் நம் எழுத்தையும் திரையின் நினைவகத்தில் ஏற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எந்தத் திரையை நிறுவினாலும், நிறுவிய அன்றே ஒரு சிறு தாளில் வாயிலின் பெயர், வேகம், துணுக்கு அமைப்பு, கட்டளைமொழி, கம்பி நேரானதா குறுக்கானதா என்னும் செய்திகளை எழுதித் தண்டின் அடியில் ஒட்டி வையுங்கள். திரையின் முகம் வாங்குவோரை நோக்கியிருக்கிறதா என்பதையும், மேசையின் மறுபுறம் சென்று நின்று, ஒருமுறை பாருங்கள்.